கோயிலடி ஏற்றத்தில் ஒரு கிழட்டு மோட்டார்

அர்ச்சனைத் தட்டை என் கையில் திணித்துவிட்டு, என் மனிசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தட்டிலிருந்த வாழைப்பழம் ஒன்று உருண்டு நடைபாதையில் விழுந்தது. அதைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாவமப்பா, வயசான மனிசி. கார் நிண்டுபோச்சு!" என்று கத்தியது மட்டும் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இலைகள் பழுத்து விழத் தொடங்கியிருந்த காலம். நாங்கள் இருப்பது மிச்சம் என்ற ஊரில். லண்டனின் தெற்குக் கரையிலிருந்து ஆற்றைத் தாண்டி ஆர்ச்வே முருகனிடம் வந்து சேருவதற்குள் பாதிப் பக்தி போய்விடும். மீதிப் பக்தி, கார் நிறுத்த இடம் தேடுவதில் போகும். கோயிலடியிலிருந்து ஹைகேற் ஊருக்குள் ஏறுகிற ஒரு குறுக்குத் தெரு உண்டு. செங்குத்தான தெரு. அதன் அடியில், சாமான் ஏற்றுகிற எங்கள் வானை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்த் திரும்பி வரும்போதுதான் அதைக் கண்டோம்.

தெருவின் முக்கால்வாசி உயரத்தில் ஒரு மோட்டார் நின்றது. கூரை இல்லை. முன்கண்ணாடி இல்லை. இரண்டு பேர் இருக்கக்கூடிய தோல் இருக்கை, முன்னால் பெரிய பித்தளை விளக்குகள், சைக்கிள் சில்லைப் போலக் கம்பி வைத்த சில்லுகள். முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ ஒன்று 'டக்... டக்...' என்று அடித்துக்கொண்டிருந்தது. தோல் தொப்பியும் கம்பளிச் சால்வையுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுபதை எப்போதோ தாண்டியிருப்பார்.

என் மனிசனைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே நிறையக் குறை சொல்லிவிட்டேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். பெயர் சிவம். வீடுகளுக்குக் குசினி, அதாவது சமையலறை அலுமாரிகள், பூட்டுகிற தச்சு வேலை. கோடை வந்தால் லண்டன் கோயில்களில் தேருக்குக் கட்டை போடுகிறவர். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சக்கரத்தின் கீழே மரக்கட்டை வைத்தே தீர்மானிக்கிற வேலை அது. சில்லு வைத்த ஒரு பொருள் அசையாமல் நிற்பதைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த நாலைந்து ஆண்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

"பின்னால பிடியுங்கோடா! விளக்கில கை வைக்காதையுங்கோ, சுடும்! அரோகரா!"

"அரோகரா!"

அந்தப் பெண்மணி இரண்டு கைகளையும் உயர்த்தி ஏதோ சொன்னார்.

"பாருங்கோ, மனிசி கும்பிடுறா!" என்றார் ஒருவர் சந்தோஷமாக.

அவர் கும்பிடவில்லை. நான் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்ததால் அவருடைய முகம் எனக்குத் தெரிந்தது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று ஆங்கிலத்தில் அலறிக்கொண்டிருந்தார். அரோகராவுக்குள் அது எங்கே கேட்கப்போகிறது?

"இஞ்சருங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று நானும் கத்தினேன். கையில் தட்டு, உடம்பில் கூறைச்சேலை மாதிரிக் கனக்கிற பட்டு, காலடியில் ஈர இலை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் மேட்டின் உச்சிக்குப் போய்விட்டது. ஆண்கள் எல்லாரும் கையைத் தட்டிக்கொண்டு, நன்றி வரும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தன் நெற்றியிலிருந்த திருநீற்றில் கொஞ்சம் எடுத்துப் பித்தளை விளக்குக்குப் பூசியும் விட்டார்.

பெண்மணி இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கினார். தொப்பியைக் கழற்றினார்.

"என்ன செய்துவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கண் நிறைந்து தளும்பியது. பக்கத்து மரத்தடியில் கிடந்த வாங்குப் பலகையில் நீளக் கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர் இருந்தார். அவரோ தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"அப்படியே அப்பாவின் கதைதான், ஹில்டா! அப்படியே!"

சிவத்தின் முகத்திலிருந்த சிரிப்பு ஒரேயடியாக வடிந்துபோனது.

இல்லாததைச் சொல்லிக் கூப்பிடுவது

அவர்களை அந்த மேட்டிலேயே கொஞ்ச நேரம் நிற்க வைக்கப்போகிறேன். கோபிக்காதீர்கள். மிச்சத்திலும் குரோய்டனிலும் உள்ள தமிழ்ப் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்கியே ஓய்வு பெற்றவள் நான். காரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது.

இந்தக் 'கார்' என்ற சொல்லைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு விடுப்பு, தோண்டிப் பார்க்கிற ஆசை. ஆங்கிலத்தில் அது மோட்டார் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்த சொல். சில்லு வைத்த வண்டி, அரசர்கள் ஏறுகிற ரதம், எல்லாம் கார்தான். எங்களை ஆண்ட காலத்தில் வெள்ளைக்காரர் நல்லூர்த் தேரைப் பார்த்துவிட்டு அதையும் கார் என்றுதான் எழுதினார்கள். நான் படித்த காலத்து ஆங்கிலப் பாடப்புத்தகத்திலும் தேர்த் திருவிழா 'கார் பெஸ்ரிவல்'தான். பெற்றோல் குடிக்காத கார்.

பிறகு இயந்திரம் வைத்த வண்டி வந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பதென்று அவர்களுக்கே தெரியவில்லை. முதலில் குதிரை இல்லா வண்டி என்றார்கள். பிறகு மோட்டார்-கார் என்றார்கள். நாளடைவில் மோட்டார் உதிர்ந்து கார் மிஞ்சியது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் காரை உதிர்த்துவிட்டு மோட்டாரை வைத்துக்கொண்டார்கள். "மோட்டார் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்பார்கள்.

நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான். இந்தப் பொருளுக்கு மனிதர்கள் எப்போதும் இல்லாததைச் சொல்லித்தான் பெயர் வைக்கிறார்கள். அன்றைக்குக் குதிரை இல்லாதது. இன்றைக்குப் புகை இல்லாதது. நாளைக்குச் சாரதி இல்லாததாம். சாரதியே இல்லையென்றால் நான் யாருக்குப் பழக்கியிருப்பேன், எந்தத் தலையில் குட்டியிருப்பேன் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கோபமும் வருகிறது.

எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மிச்சத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் சென்னைக்கார டாக்டர் குடும்பம் ஒன்று இருந்தது. "வண்டிய எடுத்துட்டு வரேன் ஆன்ட்டி" என்று அந்த வீட்டுப் பிள்ளை முதல் நாள் சொன்னபோது நான் வாசலில் நின்று மாட்டைத் தேடாத குறை. எங்களுக்கு வண்டில் என்றால் மாடு பூட்டியது. எஞ்சின் வைத்தது வாகனம். ஆனால் முருகனுடைய மயிலும் வாகனம்தானே என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு சொல் பழக்குகிறார்கள். தானுந்து. தானே உந்திக்கொண்டு போவது. முதலில் கேட்டபோது, இதை யார் வாயால் சொல்லுவது என்று சிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சிரிப்பதில்லை. அந்தப் பொருளின் முழுப் பெருமையும் அதுதான். இழுக்க ஆள் வேண்டாம், தள்ள ஆள் வேண்டாம்.

தள்ளாத காரை யார் கண்டது?

ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது விளங்காது. விளங்காததற்குக் காரணமும் உண்டு.

யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது. அப்போது ஓடியவை பழைய ஏ-ஃபோர்ட்டி கார்கள். எங்கள் ஆட்கள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்ப வேண்டும். எழும்பிச் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு சொட்டும் கிடைக்காவிட்டால்? தள்ள வேண்டும். காருக்குள் இருப்பவர் இறங்கித் தள்ளுவார். தெருவால் போகிறவர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து தள்ளுவார். பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளையே இறங்கித் தள்ளிய கலியாணக் காரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பொம்பிளை மட்டும் உள்ளே இருந்தா.

யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கார் நின்றால் கை வைப்பது, பசித்தவனுக்குச் சோறு போடுவது போல ஒரு பழக்கம். அதில் வளர்ந்த சிவம், லண்டன் மேட்டில் நின்ற காரைக் கண்டு சும்மா நிற்பாரா? கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் கேட்கிற பழக்கம் எங்களுக்கு எங்கேயிருந்து வரும்?

ஹில்டாவின் வழக்கு

ஹில்டாவை வாங்கில் இருத்தினேன். கிழவர் அவருடைய அண்ணன், எட்வர்ட். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ளி இருந்தார். கோயில் பொங்கலைக் கையில் கொடுத்தேன். என்ன ஏதென்று பார்க்காமல் ஹில்டா வாயில் போட்டார். அழுகிற மனிதருக்கு இனிப்புக் கொடுத்தால் கொஞ்சம் பேச வரும் என்பது என் அனுபவம். டெஸ்டில் தவறிவிட்டு வந்த எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

இது அவருடைய அப்பாவின் மோட்டார். அப்பா வாங்கும்போதே அது அரதப்பழசு. மோட்டார் என்ற சாதனம் நடை பழகிய காலத்தில் செய்தது. ஒரு பண்ணைக் கொட்டிலில் கோழி அடைந்து கிடந்ததை அப்பா வாங்கிவந்து கழுவித் திருத்தினார். அயலெல்லாம் சிரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியே போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, இந்தத் தெருவில் அது தானே ஏறிவிட்டது என்று சொன்னார். முக்கால்வாசியில் தண்ணீர் கொதித்ததாம். நிறுத்தி ஆறவிட்டு, பிறகு ஒருவரும் கை வைக்காமல் உச்சிவரை ஏறினாராம்.

சாட்சி ஒருவரும் இல்லை. சாப்பாட்டு மேசையே சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அது ஒரு பகிடி. 'அப்பா, இந்த வருசமும் மேடு ஏறினீர்களா?' முதலில் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். பிறகு மோட்டாரை வெளியே எடுப்பதையே நிறுத்தினார். போர்வை போர்த்திக் கொட்டிலில் விட்டவர், சாகும்வரை அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

"நான் மட்டும்தான் நம்பினேன்," என்றார் ஹில்டா. "இல்லை, அதுகூடச் சரியில்லை. நம்ப விரும்பினேன்."

அவர்தான் அதை ஓட்டப் பழகி இத்தனை காலம் வைத்திருந்தவர். அவருக்குப் பிறகு வைத்திருக்க ஆள் இல்லை. கடல் கடந்த ஒருவருக்கு விற்றுவிட்டார். நாளைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு முதல் இந்த ஒரே ஒரு காலை. சாட்சிக்கு அண்ணனைக் கூட்டிவந்து உச்சியில் இருத்திவிட்டு, கீழேயிருந்து ஏறினார். அப்பா சொன்ன அதே இடத்தில் தண்ணீர் கொதித்தது. நிறுத்தினார். பின்னால் உருளாமல் இருக்க ஓர் இரும்புக் காலை இறக்கி ஊன்றிவிட்டு, ஆறட்டும் என்று காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அரோகரா வந்தது.

"அப்பா பொய் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்."

"திரும்பவும் ஏறுங்கள்," என்றேன்.

"கீழே எப்படி இறக்குவது? பிரேக் ஏற்கெனவே சூடு. இந்த இறக்கத்தில் அது பிடிக்காது. இதை இங்கே ஏற்றிவந்த லொறி மத்தியானம்தான் திரும்பி வரும். அப்போது இந்தத் தெருவில் கார்கள் நிறைந்துவிடும்."

"விடு, ஹில்டா," என்றார் எட்வர்ட். "அது ஏறாது. அப்பாவுக்கும் அது தெரியும். பாவம், ஒரு கதை சொல்ல ஆசைப்பட்டார், அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழவரோடு சண்டை போட ஏலாது. அதனால் என் மனிசன் பக்கம் திரும்பினேன்.

"கேட்டுச் செய்யத் தெரியாதோ உங்களுக்கு? அந்த மனிசி தகப்பன்ர மானத்தைக் காப்பாத்த வந்தவ. அதையெல்லோ தள்ளிவிட்டிட்டியள்!"

"நான் என்னத்தைக் கண்டன்?"

"காணமாட்டியள். வாயைத் திறந்து கேட்டிருந்தா கண்டிருப்பியள்."

சிவம் மோட்டாரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து சில்லுகளைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

"இறக்கலாம்," என்றார்.

"எப்பிடி?"

"தேரை எப்பிடி இறக்கிறனாங்கள்? கட்டை போட்டு இறக்குவம். வானுக்குள்ள பலகைத் துண்டும் கயிறும் கிடக்கு."

கேட்டுக் கேட்டு இறக்கியது

அன்றைக்கு என் மனிசன் கேட்ட அளவுக்கு அவர் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. என்னைக் கட்டும்போதுகூட அவர் கேட்கவில்லை. அவருடைய மாமன்தான் வந்து கேட்டார்.

"மேடம், மே ஐ?" என்று கேட்டுத்தான் கயிற்றை எடுத்தார். "மே ஐ?" என்று கேட்டுத்தான் அதைக் கட்டுகிற இடத்தைத் தொட்டார். ஹில்டா குனிந்து, இங்கே கட்டு, அங்கே கட்டாதே என்று காட்டினார். நாலாவது 'மே ஐ'யோடு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மோட்டாரைக் கையால் தூக்காத குறையாக மெதுவாகத் திருப்பி, முகத்தைக் கீழ்ப்பக்கம் வைத்தார்கள். நாலு பேர் பின்னால் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். ஹில்டா உள்ளே ஏறி இருந்து, திருப்புகிற சுக்கானைப் பிடித்தார். சிவம் முன்னால் குந்தியிருந்து, உருளுகிற சில்லுக்கு முன்னே பலகைத் துண்டை வைப்பார். சில்லு அதில் முட்டி மூச்சு விடும். கட்டையை எடுப்பார். கொஞ்சம் உருளும். திரும்பவும் வைப்பார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் இருந்ததாம். இயந்திரத்தால் ஓடுகிற வண்டி தெருவில் வந்தால் அதற்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோக வேண்டும். கன காலம் சிவப்புக் கொடியும் பிடிக்க வைத்தார்களாம். என் மாணவிகளுக்கு நான் இதைச் சொல்லுவேன். ஒருத்திகூட நம்பினதில்லை. இப்போது என் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு மோட்டாருக்கு முன் ஒரு மனிசன், கையில் கொடிக்குப் பதிலாகக் குசினிப் பலகை.

பாதி வழியில் ஈர இலையில் சில்லு வழுக்கி ஒரு கட்டையைத் தாண்டிவிட்டது. "பிடியுங்கோடா!" என்று கத்திக்கொண்டே சிவம் மற்றக் கட்டையைச் செருகினார். மோட்டார் அவருடைய முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. வேட்டிக் கரை கிழிந்து அச்சில் சுற்றியிருந்தது.

"அடிபட்டுவிட்டதா?" என்று ஹில்டா கேட்டார்.

"நோ மேடம். யுவர் கார் ஓகே?"

அவர் கேட்டது காரைப் பற்றி என்பதை ஹில்டா கவனித்தார். அதற்குப் பிறகு அவர் சிவத்தை வேறு விதமாகப் பார்த்தார்.

தெருவின் அடியில், கோயிலுக்கு வந்த சென்னைக்காரத் தம்பி ஒருவர் காரை விட்டு இறங்கி ஓடிவந்தார். "ஆஹா, என்ன வண்டிங்க இது! நின்னுடுச்சா? தள்ளணுமா? இருங்க, நான் வரேன்!"

"தொடாதையுங்கோ!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். பாவம், அந்தத் தம்பி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார்.

கையைக் கட்டி நிற்பது

தண்ணீர் ஊற்றி, எண்ணெய் விட்டு, இயந்திரம் நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு ஹில்டா என்னைக் கூப்பிட்டார்.

"நீ கார் ஓட்டப் பழக்கியவள் என்றாயே. ஒரு கை பட்டாலும் உன் கண்ணுக்குத் தப்பாது. மேலே போய் எட்வர்டோடு நில். அவன் பிறகு வேறு கதை சொல்லாமல் நீ பார்த்துக்கொள்."

மற்றவர்களைப் பார்த்து ஒரேயொரு விரலை ஆட்டினார். ஆண்கள் எல்லாரும் கோயிலில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய விரதம் கிடையாது. நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பார்கள், உதவி செய்யாமல் இருக்க ஏலாது.

"உங்கள் கை மட்டும் ஒருமுறை வேண்டும்," என்று ஹில்டா சிவத்திடம் இயந்திரத்தைச் சுற்றி எழுப்புகிற முன்பக்கத்துக் கைப்பிடியைக் காட்டினார். "பெருவிரலை உள்ளே மடிக்காதீர்கள். திருப்பி அடித்தால் எலும்பு போய்விடும்."

"ஏ-ஃபோர்ட்டிக்கு ஹாண்டில் போட்டவனுக்கு இது சொல்லோணுமே?" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, மரியாதையாகப் பெருவிரலை வெளியே எடுத்துக்கொண்டார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் அது இருமி எழும்பியது. அவர் உடனே பின்னால் பாய்ந்து, தன் தோள் சால்வையின் இரண்டு நுனியையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நான் மேலே ஏறி ஓடினேன். மூச்சு வாங்கியது. எட்வர்ட் வாங்கில் கால் மேல் கால் போட்டு இருந்தார்.

"அந்த விளக்குக் கம்பத்தைத் தாண்டாது. பார்," என்றார்.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு பித்தளை விளக்குகள் தெரிந்தன. மனிசர் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. பழைய இடத்தில் ஆவி கிளம்பியது. ஹில்டா நிறுத்தினார். இரும்புக் கால் தெருவில் ஊன்றிய சத்தம் எங்களுக்குக் கேட்டது.

நடைபாதை ஓரமாகக் கூடவே ஏறிவந்த ஆண்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஒருவர் ஒரு காலை முன்னால் வைத்தார். சிவம் ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கால் பின்னால் போனது.

காத்திருந்தோம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாணவிகளுக்குப் பக்கத்தில் இருந்து பழகிய வலது கால், இல்லாத பெடலை நடைபாதையில் மிதித்து மிதித்துப் பார்த்தது. அந்தக் கிழட்டு இரும்புக்காக அன்றைக்கு என் குல தெய்வத்தைக் கூப்பிட்டேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆவி மெலிந்தது. ஹில்டா ஏதோ ஒரு தடியை இழுத்தார். மோட்டார் ஒருமுறை குலுங்கி, பின்னால் போவது போலத் தயங்கி, முன்னால் வந்தது.

ஒரு வீட்டு வாசல் தாண்டியது. இன்னொரு வாசல். விளக்குக் கம்பம் நெருங்கியது. அங்கேதான் மேடு மிகவும் மோசம். 'டக்' என்று ஒன்று அடித்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் கோயில் மணிச் சத்தமே கேட்டது. ஹில்டா உடம்பை முன்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் தெருவை மட்டும் பார்த்தார்.

சில்லு அசைகிறதா, நிற்கிறதா? எனக்கே தெரியவில்லை.

எட்வர்ட் எழும்பினார்.

இரண்டு அடி வைத்தார். பிறகு அந்த வயதுக்கு நான் எதிர்பாராத வேகத்தில் இறக்கத்தில் இறங்கினார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன.

"கொஞ்சம்தான்," என்றார். "கொஞ்சம் கை கொடுத்தால் போதும், வந்துவிடும்..."

நான் பாய்ந்து அவருடைய கோட்டைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

"தொடாதையுங்கோ! ஐயோ, தொடாதையுங்கோ!"

பதட்டத்தில் ஆங்கிலம் வரவில்லை. தமிழ்தான் வந்தது. அவர் இழுத்தார். நான் செருப்பை நிலத்தில் ஊன்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். பட்டுச் சேலை கிழிந்தாலும் கிழியட்டும் என்று பிடித்தேன்.

மோட்டார் எங்களுக்குப் பக்கத்தால் போனது. நீட்டிய அவருடைய விரல்களுக்கும் அந்தப் பித்தளைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. சூடு முகத்தில் அடித்தது. ஹில்டா திரும்பவில்லை. சில்லு விளக்குக் கம்பத்தைத் தாண்டியது, வாங்கைத் தாண்டியது, மேடு தட்டையாகிற இடத்துக்கு வந்தது. 'டக் டக் டக் டக்' என்று திடீரென்று மூச்சு வந்த மாதிரி அடிக்கத் தொடங்கியது.

கீழேயிருந்து ஆண்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். சிவம் சால்வையை ஆட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்தார்.

எட்வர்டின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.

"ஏறியிருக்கிறார்," என்றார். "அப்பா ஏறியிருக்கிறார்."

"ஓம்," என்றேன்.

"மேசையில் முதலில் சிரித்தவன் நான்தான். நான் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்."

அவருடைய தோள் குலுங்கியது. நான் கோட்டை விடவில்லை.